அதட்டாத தடித்த எழுத்து: 'கூப்பர் பிளாக்' வடிவின் அமைப்பும் பயனும்

பேசுகின்ற சொல்லுக்குக் குரல் உண்டு. அச்சில் ஏறிய சொல்லுக்குக் குரலின் இடத்தில் நிற்பது எழுத்தின் வடிவமே. 'வருக' என்னும் ஒரே சொல்லை மெல்லிய கோடுகளால் அச்சிட்டால் அடக்கமான வரவேற்பாகவும், பருத்த கோடுகளால் அச்சிட்டால் தெருமுனையில் நின்று கூவி அழைப்பதாகவும் தோன்றுகிறது. சொல் மாறவில்லை, பொருளும் மாறவில்லை, தொனி மட்டும் மாறிவிடுகிறது. ஆயினும் ஒரு நூலின் சொல்லையும் பொருளையும் அணியையும் ஆராய்வோர் அந்நூலின் அச்செழுத்தை ஆராய்வது அரிது. கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் போகும் கலையாகவே அச்செழுத்துக் கலை இருந்து வருகிறது.

அக்கலையில் மிகவும் இகழப்பட்டதும் மிகவும் விரும்பப்பட்டதும் ஆகிய ஒரு வடிவம் 'கூப்பர் பிளாக்'. 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வெளிவந்த இத்தடித்த ஆங்கில எழுத்து, விளம்பரத்துக்கென்றே பிறந்தது. கற்றறிந்த அச்சாளர் சிலர் இதனைக் கண்டு முகம் சுளித்தனர். வணிகர்களோ வாரி எடுத்துக்கொண்டனர். நூறாண்டுகளுக்கு மேல் கடந்தும் இவ்வெழுத்து வழக்கொழியவில்லை. இகழ்ந்தோர் கண்ட குறை யாது, விரும்பினோர் கண்ட நிறை யாது, இரண்டில் எது உண்மைக்கு அணித்தானது என்பவை ஆராயத்தக்கன.

தடித்த எழுத்தின் தோற்றம்

ஐரோப்பாவில் அச்சுத் தொழில் தோன்றிய பின் நெடுங்காலம் வரையில், ரோமன் வரிவடிவில் 'தடித்த எழுத்து' என்று தனியே ஒன்று இருந்ததில்லை. ஒரு சொல்லை எடுப்பாகக் காட்ட வேண்டுமானால் அதனைச் சாய்வெழுத்தில் அமைத்தனர். அல்லது பெரிய அளவு எழுத்தில் அமைத்தனர். நூல் ஒன்றே அச்சகத்தின் முதன்மையான வேலையாக இருந்தவரையில் அதற்கு மேல் தேவை எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறிற்று. இலண்டன் நகரத்துச் சுவர்களில் லாட்டரிச் சீட்டு விளம்பரங்களும் நாடக விளம்பரங்களும் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஒட்டப்பட்டன. நின்று படிப்பவருக்காக இருந்த எழுத்து, நடந்து போகிறவரை நிறுத்துகின்ற எழுத்தாக மாற வேண்டியதாயிற்று. அப்பொழுது இராபர்ட்டு தோர்ன் முதலிய எழுத்து வார்ப்போர், தடித்த கோட்டை மிகத் தடிப்பாகவும் மெல்லிய கோட்டை மயிரிழை போலவும் விட்டுப் புதியதொரு கொழுத்த எழுத்தை வார்த்தனர். 1825-இல் தாமசு ஹான்சார்டு தாம் எழுதிய அச்சுக்கலை நூலில், இப்புதுமை பரவியதற்குத் தோர்னையே முதன்மைக் காரணராகக் குறிப்பிட்டார்.

இக்கொழுத்த எழுத்துக்கு வலிமை உண்டு; ஆனால் ஒரு பெருங்குறையும் உண்டு. அதன் வலிமை முழுவதும் தடிப்புக்கும் மென்மைக்கும் உள்ள முரணிலே நிற்கிறது. முரட்டுத் தாளில் அச்சிட்டால் மயிரிழைக் கோடு மறைந்துபோகிறது. ஈய எழுத்து தேய்ந்தால் அக்கோடே முதலில் முறிகிறது. எஞ்சுவது ஒன்றோடொன்று ஒட்டாத கரிய துண்டங்களே.

அடுத்த பெரும் படி 1845-இல் நேர்ந்தது. இலண்டன் ஃபேன் தெரு வார்ப்பகத்தில் இராபர்ட்டு பெஸ்லி 'கிளாரண்டன்' என்னும் எழுத்தை வெளியிட்டார். அதற்கென எழுத்தை வெட்டியவர் பெஞ்சமின் ஃபாக்சு. இவ்வெழுத்தில் மெல்லிய கோடும் போதிய உடல் பெற்றது. அகராதி போன்ற நூல்களில் சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் நின்று, தலைச்சொல்லை மட்டும் எடுத்துக் காட்ட அது பயன்பட்டது. வடிவங்களுக்குச் சட்டம் அளித்த காப்பு மூன்றே ஆண்டுகளாக இருந்தமையால், அக்காலம் முடிந்ததும் பிற வார்ப்பகங்களும் அதனைப் பின்பற்றி வார்க்கத் தொடங்கின. இன்று பாடநூலில் கலைச்சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடும் வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

தோர்ன் காலத்து எழுத்து உரக்கக் கத்தியது. கிளாரண்டன் அழுத்தந்திருத்தமாக அறிவித்தது. இரண்டிலும் கட்டளைத் தொனி உண்டு. தடிப்பு என்றால் அதிகாரம் என்னும் எண்ணமே அச்சுத் தொழிலில் வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தை அசைத்தவர் ஆஸ்வால்டு கூப்பர்.

எழுத்தை வரைந்தவர்

ஆஸ்வால்டு புரூசு கூப்பர் 1879-இல் ஒகையோ மாநிலத்து மவுண்ட் கிலியடு என்னும் ஊரில் பிறந்தார். கான்சசு மாநிலத்தில் வளர்ந்தார். இளமையிலே அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்துத் தொழிலின் வாசனையை அறிந்தார். ஓவியராக வேண்டும் என்னும் விருப்பத்துடன் சிகாகோ சென்று ஃபிராங்கு ஹோம் நடத்திய சித்திரப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கே எழுத்து வரையும் கலையைக் கற்பித்தவர் ஃபிரெடரிக்கு கௌடி. பிற்காலத்தில் அமெரிக்காவின் புகழ்பெற்ற எழுத்து வடிவாளராக விளங்கியவர் அவரே. அவரிடம் பயின்ற கூப்பர், பின்னர் அதே பள்ளியில் எழுத்துக் கலையைக் கற்பிக்கும் ஆசிரியரும் ஆனார்.

1904-இல் ஃபிரெடு பெர்ச்சு என்பவருடன் கூட்டுச் சேர்ந்து 'பெர்ச்சு அண்டு கூப்பர்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரங்களுக்கு வேண்டிய எழுத்தையும் சித்திரத்தையும் வரைந்து தருவது அந்நிறுவனத்தின் தொழில். பாக்கார்டு மோட்டார் வண்டி விளம்பரங்களுக்காகக் கூப்பர் கையால் வரைந்த எழுத்துகள் பலரையும் கவர்ந்தன. அவற்றைத் தழுவி 1913-இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்சு நிறுவனம் ஓர் அச்செழுத்தையே வெளியிட்டது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கூப்பர் எழுத்து வார்ப்பகத்திலே பயின்று வந்தவர் அல்லர். தூரிகையும் பேனாவும் பிடித்து எழுத்தை வரைந்து வந்தவர். உலோகத்தில் உளியால் வெட்டிய எழுத்துக்குக் கூரிய முனை இயல்பு. மை தோய்ந்த தூரிகையால் எழுதிய எழுத்துக்கு உருண்ட முனை இயல்பு. அவர் பின்னர் வடித்த கரிய எழுத்தின் தன்மை முழுவதற்கும் இவ்வேறுபாடே வித்து எனலாம்.

சிகாகோவில் இருந்த 'பார்ன்ஹார்ட்டு பிரதர்சு அண்டு ஸ்பிண்ட்லர்' என்னும் வார்ப்பகம் கூப்பரைத் தனக்கென எழுத்து வரையுமாறு வேண்டிற்று. 1919-ஐ ஒட்டிக் 'கூப்பர்' என்னும் சாதாரண எழுத்து வந்தது. பின்னர் அது 'கூப்பர் ஓல்டு ஸ்டைல்' எனப்பட்டது. அதன் தடித்த உடன்பிறப்பாக 1922-இல் வெளியானதே 'கூப்பர் பிளாக்'. தம்பி வந்த பின் அண்ணனை உலகம் ஏறக்குறைய மறந்தேவிட்டது.

அமைப்பின் நுட்பம்

ஆங்கில எழுத்துகளில் கோடு முடியும் இடத்தில் குறுக்கே சிறு பாதம் போல ஒரு விரிவு அமைவதுண்டு. அதனைச் 'செரிப்' என்பர். தோர்ன் காலத்து எழுத்தில் அது தட்டையான மெல்லிய கோடு. கிளாரண்டனில் அது தடித்த கட்டை. கூப்பர் பிளாக்கில் அது இரண்டும் அன்று. பிசைந்த மாவை விரலால் அழுத்திவிட்டாற் போல உருண்டு மழுங்கிய ஒரு பாதமாக அது நிற்கிறது. இவ்வெழுத்தில் எங்குத் தேடினும் கூரிய வெளிமுனை அகப்படுவது கடினம். உடல் பெரிது, ஆனால் குத்துகின்ற இடம் ஒன்றும் இல்லை. பெரிய உடலும் கூர்மையின்மையும் சேர்ந்த இடத்தில் அச்சம் நீங்கி அன்பு தோன்றுவதுதான் இவ்வெழுத்தின் முதல் நுட்பம்.

இரண்டாவது நுட்பம் அதன் உள்வெளியில் இருக்கிறது. 'ஓ', 'ஈ', 'ஏ' முதலிய ஆங்கில எழுத்துகளின் வயிற்றில் அடைபட்டிருக்கும் வெண்மையையே ஈண்டு உள்வெளி என்பது. எழுத்தைத் தடிக்கச் செய்வது எளிது. தடித்த பின்னும் உள்வெளியைக் காப்பதே அரிது. தமிழில் 'ட' என்பதை எவ்வளவு தடிப்பாக எழுதினாலும் அடையாளம் கெடுவதில்லை; 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளைத் தடிக்கச் செய்தால் சுழிகள் அடைபட்டு மைக்கறை போலாகும் என்பதைக் கரும்பலகையில் எழுதிப் பழகியோர் அறிவர். கூப்பர் உள்வெளியைச் சிறிதாக்கினார். ஆனால் செத்துப்போக விடவில்லை. 'ஓ'வின் உள்வெளியை நேராக நிறுத்தாமல் இடப்புறம் பின்வாங்கிச் சாயும்படி வைத்தார். பேனாவால் எழுதும்போது கை இயல்பாகத் தரும் சாய்வு அது. அச்சாய்வினால், அசையாத கரிய கட்டியாகிவிடக்கூடிய எழுத்து உருண்டு நகர்வது போன்ற உயிர்ப்பைப் பெற்றது.

மூன்றாவது, அதன் உயர அளவு. ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் சிலவற்றுக்கு மேலே கொம்பு உண்டு. சிலவற்றுக்குக் கீழே வால் உண்டு. கூப்பர் பிளாக்கில் கொம்பும் வாலும் குட்டை. நடு உடல் பெரிது. ஆகவே ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே அதிக வெளி விடாமல் நெருக்கி அடுக்கலாம். சிறிய விளம்பரத்திற்குள்ளும் பெரிய சொல் அடங்கிவிடும். சிறு விளம்பரத்தைப் பெரு விளம்பரமாகக் காட்டும் எழுத்து என்று வார்ப்பகத்தார் விளம்பரம் செய்ததற்குக் காரணம் இதுவே. அக்கூற்றை வெறும் புகழ்ச்சியாக ஒதுக்கிவிட முடியாது. அளந்து பார்த்தால் மெய்.

நான்காவது, தொழில் முறையில் வரும் நன்மை. இவ்வெழுத்தின் மெல்லிய கோடுகளும் போதிய தடிப்புடையவை. எனவே முரட்டுச் செய்தித்தாளில் மை சற்றுப் பரவினாலும் வடிவம் கெடுவதில்லை. பழைய ஈய எழுத்தின் முனை தேய்ந்து மழுங்கினாலும், ஏற்கெனவே மழுங்கலாக வரையப்பட்ட எழுத்தில் அத்தேய்வு எளிதில் தெரிவதில்லை. எழுத்துகளின் அடிப்பாகமும் வளைந்திருப்பதால், கோத்த வரியில் ஓர் எழுத்து மயிரளவு ஏறி இறங்கினாலும் கண்ணை உறுத்துவதில்லை. அவசரத்தில் அச்சுக் கோப்பவருக்கும், பழைய பொறியை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும் சிற்றூர் அச்சகத்தாருக்கும் இதைவிடப் பொறுமையான நண்பன் கிடைப்பது அரிது. பிழை பொறுக்கும் குணமும் ஒரு வடிவின் அழகே அன்றோ?

இகழ்ச்சியும் புகழ்ச்சியும்

எழுத்து வெளிவந்தவுடன் அதன் விற்பனை பெருகிற்று. 1920-களில் அமெரிக்க வணிகம் செழித்தது; நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் விளம்பரம் பெருகிற்று. பிற நிறுவனங்கள் வாளா இருக்கவில்லை. லட்லோ நிறுவனம் 1924-இல் 'லட்லோ பிளாக்' என்னும் எழுத்தை வெளியிட்டது. மோனோடைப் நிறுவனத்தார் 1925-இல் 'கௌடி ஹெவிஃபேசு' என்னும் எழுத்தை வெளியிட்டனர். அதை வரைந்தவர் கூப்பருக்குக் கற்பித்த அதே கௌடி. மாணவன் வகுத்த வழியில் ஆசிரியர் எழுத்து வரைய நேர்ந்த இந்நிகழ்ச்சி, அக்காலச் சந்தையில் கூப்பர் எழுத்து பெற்றிருந்த செல்வாக்குக்குச் சான்று. கூப்பரும் தம் எழுத்துக்குச் சாய்வு வடிவம் ஒன்றும், 1925-இல் ஒளிக்கோடு பாய்ந்தாற் போன்ற 'கூப்பர் ஹைலைட்டு' என்னும் வடிவும் செய்து தந்தார்.

மறுபுறம், மரபு போற்றும் அச்சாளரும் நூல் வடிவமைப்போரும் இதனைக் கடுமையாக வெறுத்தனர். அச்சுலகைச் சூழ்ந்த கரிய கேடு என்ற வகையிலும் பழித்துரைத்தனர். கூப்பரோ வாதிடவில்லை. தொலைநோக்குடைய அச்சாளருக்கும், கிட்டப்பார்வையுடைய அவர்தம் வாடிக்கையாளருக்கும் ஏற்ற எழுத்து என்னும் கருத்துப்பட நகைச்சுவையாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார் என்பர்.

பழித்தோர் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர்கள் கண்ட குறைகள் இரண்டு. ஒன்று, கண்ணின் நுண்ணுணர்வு மழுங்குகிறது என்பது. ஓர் ஏட்டில் ஒரு விளம்பரம் தடித்த எழுத்தில் வந்தால் அது எடுப்பாக நிற்கும். எல்லா விளம்பரமும் தடித்த எழுத்தில் வந்தால் எதுவும் எடுப்பாக நிற்காது. பக்கம் முழுவதும் கரியாகும். சந்தையில் ஒருவன் கூவினால் கேட்கும். ஊரே கூவினால் இரைச்சலே மிஞ்சும். மற்றொன்று, அவ்வெழுத்தின் அன்பு முகம் பொருளின் தகுதியை மறைக்கிறது என்பது. நல்ல சரக்கும் போலிச் சரக்கும் அதே புன்னகையோடு வந்து நிற்கின்றன. கூரிய எழுத்து அதட்டும்போது வாங்குபவர் சற்று எச்சரிக்கை கொள்வார். உருண்டையான எழுத்து தோளில் கைபோட்டு அழைக்கும்போது அவ்வெச்சரிக்கை தளர்ந்துவிடும். இவ்விரண்டாம் குறை முதற்குறையினும் ஆழமானது.

ஆயினும் இக்குறைகளை எழுத்தின் மேல் ஏற்றுவது எவ்வளவு பொருந்தும்? முதற்குறை அளவின்றிப் பயன்படுத்துவோரின் குறை. இரண்டாம் குறை சொல்லின் குறை. பொய்யைச் சொல்லும் வாசகம் எந்த எழுத்தில் இருந்தாலும் பொய்யே. இனிய குரலுடையவன் பொய் சொன்னான் என்பதற்காக இனிய குரலே தீது என முடிவு செய்தல் முறையன்று. ஆனால் இனிய குரலைக் கேட்கும்போது சொல்லையும் எடை போட்டுப் பார்க்கப் பழக வேண்டும் என்பது சரி. அவ்வளவில் பழித்தோர் நன்மையே செய்தனர்.

மறைவும் மறுவாழ்வும்

1927-இல் ஜெர்மனியில் 'ஃபியூச்சுரா' வந்தபின் காற்று வேறு திசையில் வீசத் தொடங்கிற்று. செரிப் இல்லாத, அளவுகோலும் வட்டவரையும் கொண்டு வரைந்தாற் போன்ற எழுத்துகளே புதுமைக்கு அடையாளமாயின. கூப்பர் 1940-இல் மறைந்தார். 1949-இல் சிகாகோவின் அச்சுக்கலைச் சங்கத்தார் அவர் நினைவாக ஒரு நூலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தனர். எழுத்தோ பழைய பெட்டிகளில் தங்கி, சிறு கடைகளின் அறிவிப்புகளிலும் துண்டு விளம்பரங்களிலும் உயிர் வாழ்ந்தது.

மறுவாழ்வு புதிய கருவிகளால் வந்தது. ஒளிப்படம் கொண்டு எழுத்துக் கோக்கும் முறை பரவிற்று. 1961-இல் லெட்ராசெட்டு நிறுவனம், தாளின்மேல் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் உலர்முறைத் தாள்களை இங்கிலாந்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஈயமும் வார்ப்பகமும் இல்லாமலே எவரும் தலைப்பெழுத்து அமைக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. நெருக்கி அமைத்தால் மேலும் அழகு பெறும் கூப்பர் பிளாக்குக்கு இம்முறை மிகவும் ஏற்றதாயிற்று. ஈயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்கட்டை உண்டு. கட்டையின் விளிம்பைத் தாண்டி அடுத்த எழுத்து நெருங்க முடியாது. ஒளிப்படத்திலும் தேய்த்தொட்டும் தாளிலும் அத்தடை இல்லை.

1966-இல் அமெரிக்காவின் 'பீச் பாய்சு' இசைக் குழுவினர் வெளியிட்ட 'பெட் சவுண்ட்சு' என்னும் இசைத்தட்டின் உறையில் இவ்வெழுத்தே தலைப்பாக நின்றது. 1968-இல் பிரிட்டிஷ் ஒலி ஒளிபரப்புக் கழகத்தின் 'டாட்சு ஆர்மி' என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் இதே எழுத்தில் தன் பெயரைக் காட்டிற்று. போர்க்காலத்தில் ஊரைக் காக்கத் திரண்ட முதியவர் படையைப் பற்றிய தொடர் அது. 1970-களில் சட்டையில் ஒட்டும் எழுத்தாகவும் இது இளைஞரிடையே உலவிற்று. 1995-இல் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கிய 'ஈஸிஜெட்டு' விமான நிறுவனம் செம்மஞ்சள் வண்ணத்தோடு இவ்வெழுத்தையும் தன் அடையாளமாகக் கொண்டது. பின்னர்க் கணிப்பொறியில் அலுவலக மென்பொருளோடு சேர்ந்தே இது வரலாயிற்று. பள்ளி நிகழ்ச்சி அறிவிப்பு முதல் கடைப்பலகை வரை எங்கும் எட்டிற்று.

இப்பயன்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இசைத்தட்டு, நகைச்சுவைத் தொடர், மலிவு விமானம் என்னும் மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. காலமும் வேறு. ஆனால் மூன்றும் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பியது ஒன்றே: 'எங்களிடம் பகட்டில்லை, தயங்காமல் நெருங்கி வாருங்கள்.' போர்க்கதையைச் சொல்லும் தொடர்கூட, வீரத்தைச் சொல்லும் கூரிய எழுத்தை நாடாமல் இவ்வுருண்டை எழுத்தை நாடியது அக்கதை மாந்தரின் எளிமையைக் காட்டவே. வழங்குவோர் மாறலாம், வழங்கும் இடம் மாறலாம், வடிவத்திலே பொதிந்திருந்த தொனி மாறவில்லை. எழுத்துக்குத் தானாகப் பொருள் இல்லை, பழக்கமே பொருள் தருகிறது என்று வாதிடுவோருக்கு இவ்வெழுத்தின் வரலாறு தக்க விடை. பழக்கம் பல பொருளைத் தரலாம். ஆனால் வடிவம் இடங்கொடுக்கும் எல்லைக்குள்ளேதான் தரமுடியும்.

எல்லையும் குறையும்

எந்நலமும் எல்லை உடையது. கூப்பர் பிளாக் சில சொற்களுக்கு உரியது; பத்திக்கு உரியது அன்று. பத்து வரிகளைத் தொடர்ந்து இதில் அச்சிட்டால் கண் விரைவில் களைத்துவிடும். படிக்கும் கண் கரிய கோட்டை மட்டும் பார்ப்பதில்லை; கோட்டுக்கு இடையே உள்ள வெண்மையையும் சேர்த்தே எழுத்தை அறிகிறது. இவ்வெழுத்தில் வெண்மை குறைவு. ஆகவே கண்ணுக்கு ஓய்வும் குறைவு. அளவைச் சிறிதாக்கினால் 'ஈ', 'ஏ' ஆகியவற்றின் சிறு துளைகள் மையால் நிரம்பி, ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாக மயங்கும்.

எல்லாச் சொல்லையும் பேரெழுத்திலே அமைப்பதும் இதற்குப் பொருந்தாது. இதன் அழகு சிற்றெழுத்துகளின் உருட்சியிலும், ஏற்றத்தாழ்விலும் இருக்கிறது. பேரெழுத்துகள் மட்டும் வரிசையாக நின்றால், விளையாடும் குழந்தைகளை அணிவகுப்பில் நிறுத்தினாற் போலத் தொனி இறுகிவிடும்.

பொருளிலும் எல்லை உண்டு. இரங்கற் செய்திக்கும், நீதிமன்ற அறிவிப்புக்கும், தேர்வுச் சான்றிதழுக்கும் இவ்வெழுத்தை இட்டால் நகைப்புக்கு இடமாகும். அதட்டத் தெரியாமை இவ்வெழுத்தின் சிறப்பு. அதிகாரமும் துயரமும் வேண்டும் இடத்தில் அதுவே குறை. அபாய அறிவிப்புக்கு அழைப்புத் தொனி தகுமா? 'நெருங்காதே' என்னும் சொல்லை 'நெருங்கி வா' என்னும் குரலில் சொன்னால் கேட்போர் எதைக் கொள்வர்? கணிப்பொறியில் எல்லா எழுத்தும் ஒரே பட்டியலில் அருகருகே வந்து நிற்கும் இக்காலத்தில், விலையும் உழைப்பும் இன்றி எதையும் எடுக்கலாம் என்பதால், இம்முரண் முன்னைவிட மிகுந்துள்ளது. ஈய எழுத்தை விலை கொடுத்து வாங்கிய அச்சாளருக்கு, 'இது எதற்கு?' என்னும் கேள்வி கட்டாயம் எழுந்தது. விரல் நுனியில் இலவசமாகக் கிடைக்கும்போது அக்கேள்வி எழாமலே போகிறது. கூப்பர் காலத்தில் தடித்த எழுத்தைக் குறைகூறியோர் அஞ்சிய கேடு, உண்மையில் இக்கேள்வி மறைந்த இடத்திலேதான் பிறக்கிறது.

அளக்கும் கோல்

ஓர் அச்செழுத்து நல்லதா என வினவுவது, ஒரு குரல் நல்லதா என வினவுவது போன்றது. எங்கே, எதற்கு, யாரிடம் என்னும் மூன்றும் இல்லாமல் விடை இல்லை. நூலின் உள்ளே நூறு பக்கம் நின்று, தான் இருப்பதே தெரியாமல் உதவும் எழுத்தும் நல்ல எழுத்து. தெருவில் ஒரு கணம் நின்று, கடந்து போகிறவரைத் தலை திருப்பச் செய்யும் எழுத்தும் நல்ல எழுத்து. முதலாவதற்கு உரிய கோலால் இரண்டாவதை அளந்தமையே கூப்பர் பிளாக்கைப் பழித்தோர் செய்த பிழை. இரண்டாவதற்கு உரிய வெற்றியைக் கண்டு அதனை எல்லா இடத்திலும் இட்டமை புகழ்ந்தோர் செய்த பிழை.

மாணவர்க்கு எழுத்தின் அழகைப் புகட்ட விரும்பும் ஆசிரியர்க்கு இவ்வெழுத்து நல்லதொரு பாடம். ஒரு சுவரொட்டியையோ பழைய இசைத்தட்டு உறையையோ எடுத்துக் காட்டி, கோட்டின் முனை எவ்வாறு முடிகிறது, உள்வெளி எவ்வளவு எஞ்சியிருக்கிறது, சொல்லின் பொருளும் எழுத்தின் குரலும் ஒத்துப்போகின்றனவா என்னும் மூன்றை மட்டும் கேட்கச் செய்தால் போதும். படிக்கத் தெரிந்த கண் பார்க்கவும் கற்றுக்கொள்ளும். விளம்பரம் தன்னை எவ்வாறு அழைக்கிறது என்பதைக் கண்டுகொண்ட மாணவன், அழைத்தவுடன் போய்விட மாட்டான். என்ன சொல்கிறது என்றும் நின்று கேட்பான்.

கூப்பர் காவியம் அச்சிடுவதற்கு எழுத்து வரையவில்லை. மோட்டார் வண்டி விற்போருக்கும் கடைக்காரருக்கும் வரைந்தார். அவ்வெளிய பணியிலும், தடித்த எழுத்து என்றால் அதட்டும் எழுத்து என்னும் நூற்றாண்டுப் பழக்கத்தை உடைத்து, பருத்த உடலுக்கும் மென்மையான மனம் இருக்கக்கூடும் எனக் காட்டினார். தலைப்பில் நிற்கும் இரண்டொரு சொல்லுக்கு அளவறிந்து வழங்கும்வரை அவ்வெழுத்து அச்சுக்கலைக்கு அணியே; அளவு மறந்த இடத்திலேதான் அது கரிய கேடாகிறது.